அப்பா பெயரில் தூங்கும் வங்கிப் பணத்தை எடுப்பது எப்படி?

அப்பா இறந்து 11 வருடம் கழித்து, அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு பாஸ்புக் கிடைத்தது. சுற்றியிருந்த ரப்பர் பேண்டு உருகி அட்டையோடு ஒட்டிப் போயிருந்தது. கடைசி வரவு 2006 தீபாவளி போனஸ், 9,000 ரூபாய். எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். "இவ்வளவு பழசா? கணக்கே இருக்காதும்மா" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். நானும் நம்பி வந்துவிட்டேன். நீங்கள் நம்பாதீர்கள்.

பணம் எங்கேயும் போகாது. 10 வருடம் யாரும் தொடாத கணக்கில் உள்ள பணத்தை, 2014-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு வங்கிகள் மாற்றிவிடும். அதற்கப்புறமும் உரிமை நம்முடையதுதான். எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் வங்கி நமக்குக் கொடுத்துவிட்டு, அந்த நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். சேமிப்புக் கணக்குக்கு வட்டியும் உண்டு.

தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தைத் திறந்தது. கட்டணம் கிடையாது, தரகர் யாரும் வேண்டாம். செல்போன் எண்ணைப் பதிந்து, ஓடிபி போட்டு உள்ளே போகலாம். பெயரோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி இவற்றில் ஏதாவது ஒன்று கேட்கும். எதுவும் இல்லையென்றால் முகவரி போதும்.

நம் ஊர்ப் பெயர்களுக்குச் சிக்கலே இங்கேதான். அப்பா பெயர் தங்கவேலு. ஆங்கிலத்தில் முதல் 'டி'க்குப் பின்னால் 'ஹெச்' உண்டா, கடைசியில் 'யு' உண்டா, 'தங்க'வும் 'வேலு'வும் சேர்ந்தா பிரிந்தா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, அல்லது தாத்தா பெயரையே முழுதாகச் சேர்த்துவிட்டார்களா? ஒரு தாளில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏழாவது தடவையில், 'ஹெச்' இல்லாமல், இனிஷியல் பின்னால் போட்டதும் எங்கள் பழைய தெரு முகவரியோடு அப்பா வந்தார். கை நடுங்கிவிட்டது. அந்த முடிவோடு வரும் குறிப்பு எண்ணை உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்புக்கில் உள்ள வங்கி இன்று அதே பெயரில் இல்லாமல் இருக்கலாம். பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐயோடு சேர்ந்தது. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020-இல் டிபிஎஸ் ஆனது. சிண்டிகேட் வங்கி இப்போது கனரா. புதுப் பெயரில் தேடுங்கள்.

அப்புறம் கிளைக்குப் போகவேண்டும். கணக்கில் நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் பெரும்பாலும் போதும். அப்பா நாமினி போடவில்லை. அதனால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். பணத்தை அம்மா வாங்கிக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நானும் தங்கையும் கையெழுத்துப் போட்டோம். இறப்புச் சான்றிதழில் 'ஹெச்' இருந்தது, கணக்கில் இல்லை. இரண்டும் ஒருவர் பெயரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம்.

வாய்மொழியாக எதையும் கேட்காதீர்கள். குறிப்பு எண்ணைப் போட்டுக் கடிதம் எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மூன்றாம் தடவை நான் அப்படித்தான் போனேன், யாரும் திருப்பி அனுப்பவில்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். 14448-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எல்ஐசி பாலிசி ஏதாவது இருந்தால் அதை முதலில் பாருங்கள். 10 வருடம் கேட்பாரற்ற காப்பீட்டுத் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அங்கே 25 வருடம்தான் கெடு, அதற்குமேல் அரசுக்குச் சொந்தம்.

வட்டியோடு 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. வங்கியில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "பாஸ்புக்கைத் திருப்பித் தருவீங்களா தம்பி?" ரத்து முத்திரை குத்தி அவர் கையிலேயே கொடுத்தார்கள்.