ஷட்டில் ஆடுகிறவர்களின் தோளுக்கு எந்தப் பயிற்சி முதலில்?

பாம்பன், மண்டபம் பக்கம் வெட்டவெளியில் நெட் கட்டி ஆடுகிறவர்களுக்குத் தெரியும், கச்சான் காற்று அடிக்கும்போது 5 கிராம் சுமாருக்கு இருக்கிற இறகுப்பந்து எதிர்த்துப் போகவே போகாது, அதனால் ஒவ்வொரு அடியையும் தோளைக் கொடுத்து ஓங்கி அடிக்கிறோம். அப்புறம் தோள் வலிக்கிறது என்று ஜிம்முக்குப் போய் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) போடுவது. தப்பில்லை, ஆனால் அது முதல் வேலை இல்லை. கையை முன்னால் வீசும் தசைகள் ஆடி ஆடியே பலமாகிவிடும். வீசிய கைக்கு பிரேக் போடுவது தோளின் பின்பக்கம் இருக்கிற சின்னத் தசைகள், அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

என் ஓட்டு ஒருக்களித்துப் படுத்துச் செய்கிற பயிற்சிக்குத்தான். வலது கை ஆட்டக்காரர் என்றால் இடது பக்கமாகப் படுங்கள். வலது முழங்கையைச் செங்கோணமாக மடக்கி விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதுவே அரைக் கிலோ. முன்கையை மட்டும் மேலே தூக்கி, மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள், பிரேக் பழகுவது இந்த இறக்கத்தில்தான். 12 முதல் 15 தடவை, மூன்று சுற்று. துண்டு நழுவி விழுந்தால் கனம் அதிகம், பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இதையே நின்றுகொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுத்தும் செய்யலாம். பாட்டிலில் முன்கை தரைக்கு இணையாக வரும்போது கனம் அதிகம், ரப்பரில் இழுக்க இழுக்கக் கடைசியில்தான் இறுகும். ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க ரப்பர்தான் வசதி. வலியில்லாமல் செய்ய வந்தபின், முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்து அதே சுழற்சியைச் செய்யுங்கள், ஸ்மாஷ் (தலைக்கு மேலிருந்து ஓங்கிக் கீழே அடிப்பது) அடிக்கிற நிலைக்கு அதுதான் நெருக்கம். எடுத்தவுடனே அதற்குத் தாவ வேண்டாம்.

தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைக்கு புஷ்-அப். மேலே வந்தபின் முதுகை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி முடிக்க வேண்டும், அந்தக் கடைசித் தள்ளலில்தான் விஷயம். முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம்.

கட்டைவிரல் கீழே பார்க்கக் கையைப் பக்கவாட்டில் தூக்குகிற பழைய பயிற்சியை விட்டுவிடுங்கள். உள்ளே தசைநாண் நசுங்க வாய்ப்பு அதிகம், கட்டைவிரலை மேலே வைத்தால் அதே வேலை நடக்கும்.

காலையில் வலை இழுத்துவிட்டுச் சாயங்காலம் ஆட வருகிறவர்களுக்கு முதுகுக்கென்று தனியாக இழுப்புப் பயிற்சி தேவைப்படாது. ஆனால் அந்தப் பெரிய முதுகுத் தசையும் கையை உள்பக்கம் திருப்புகிற தசைதான், ஆகவே கையை வெளிப்பக்கம் திருப்பும் பாட்டில் பயிற்சி அவர்களுக்குக் கட்டாயம்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பலம் ஏற ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி, கையைத் தூக்கவே வரவில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு ஆடாமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.