பிசினஸ் கேஸ்ல அரசியல் சட்டத்தை தப்பா நம்பி மாட்டிக்கிற இடங்கள்

கம்பெனி நடத்துறவங்களுக்கு ஒரு சம்மன் வந்தா போதும், கூட இருக்கறவங்க யாராவது "ஆர்டிகிள் 20 இருக்கு, பயப்படாதே"ன்னு சொல்லிடுவாங்க. குற்ற வழக்குல மாட்டறவங்களுக்கு அரசியல் சட்டம் குடுக்கற பாதுகாப்பு அது. இருக்குதான், ஆனா அது எப்போ ஆரம்பிக்குது, எதுக்கு பொருந்தும்னு பார்க்காம அதை நம்பி உட்கார்ந்தா பெரிய சிக்கல்.

நான் அதிகமா பார்க்கற தவறு, "அபராதம் கட்டிட்டேன், ஒரே தப்புக்கு ரெண்டு தடவை தண்டிக்க முடியாதுல்ல"ங்கறது. ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை தண்டிக்கறதை தடுக்கற 20(2) அப்படி வேலை செய்யாது. 1953லயே சுப்ரீம் கோர்ட் இதை சொல்லிடுச்சு. சொல்லாம கொண்டு வந்த தங்கத்தை கஸ்டம்ஸ் பறிமுதல் பண்ணுச்சு, அப்புறம் அதே ஆள் மேல அந்நியச் செலாவணி சட்டத்துல கிரிமினல் கேஸும் போட்டாங்க, ரெண்டாவது தண்டனைன்னு அவர் வாதாடினார், கஸ்டம்ஸ் அதிகாரி கோர்ட் கிடையாது, அதனால முதல்ல நடந்தது வழக்கு விசாரணையே இல்லன்னு தீர்ப்பு வந்துச்சு. ஆனா ஒண்ணு, டிபார்ட்மென்ட் விசாரணையிலயே குற்றச்சாட்டு பொய்னு தெளிவா முடிவாயிருந்தா அதே விஷயத்துக்கு கிரிமினல் கேஸை இழுக்கக்கூடாதுன்னு 2011 தீர்ப்பு இருக்கு. அதனால அந்த விசாரணையை "ஃபைன்தானே"ன்னு அலட்சியமா விட்டுடாதீங்க, உங்க தற்காப்பே அங்கதான் உருவாகுது.

அடுத்தது மௌனமா இருக்கற உரிமை, அதாவது 20(3). இது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். அமலாக்கத்துறை பிஎம்எல்ஏ, அதாவது பணமோசடி தடுப்புச் சட்டத்தோட 50வது பிரிவுல சம்மன் அனுப்பி கூப்பிடும்போது பொதுவா நீங்க இன்னும் அந்த நிலைக்கு வரலன்னுதான் கோர்ட் பார்க்குது, 2022 தீர்ப்பும் அப்படித்தான். வராம இருந்தாலும் தப்பு, பொய் சொன்னாலும் தப்பு, சொன்னது உங்களுக்கு எதிராவே வரலாம். வக்கீல்கிட்ட பேசாம, பேப்பர்களை சரி பார்க்காம போய் ஞாபகத்துல இருந்து பதில் சொல்றது ரொம்ப ஆபத்துங்க. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிக் கையெழுத்து குடுக்க மாட்டேன்னு சொல்றதுக்கும் 20(3) உதவாது, 1961ல 11 நீதிபதிகள் அமர்வு முடிவு பண்ணினது.

"சட்டம் வர்றதுக்கு முன்னாடி நடந்தது"ங்கற வாதம் 20(1)ல நிஜமாவே பலமானது, பின்னாடி வந்த சட்டத்தை வெச்சு பழைய செயலை குற்றமாக்க முடியாது, தண்டனையையும் கூட்ட முடியாது. ஆனா விசாரணை முறை மாறினா அது உங்களுக்கும் பொருந்தும், அப்புறம் குற்றத்துல வந்த பணத்தை இன்னும் கையில வெச்சு அனுபவிச்சுட்டிருந்தா பிஎம்எல்ஏல அது தொடர் குற்றம். பினாமி சட்டத்துல வந்த திருத்தம் பழைய டீலுக்கு பொருந்தாதுன்னு சொன்ன 2022 தீர்ப்பை இன்னமும் சிலர் ஆதாரமா காட்டுறாங்க, அதை 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே திரும்பப் பெற்றுடுச்சு.

கைதுன்னு வந்தா காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க, கைதானவருக்கு காரணத்தை சொல்லணும்ங்கற ஆர்டிகிள் 22(1)ஐ வெச்சு 2023ல வந்த தீர்ப்பு அது, வாய்ல சொன்னா போதாது.

கடைசியா டைரக்டர்கள். பேர் லிஸ்ட்ல இருக்குங்கறதுக்காக மட்டும் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது, உங்க பங்கு என்னன்னு புகார்ல சொல்லணும். ஆனா செக் பவுன்ஸ் கேஸ்ல மேனேஜிங் டைரக்டருக்கும் செக்ல கையெழுத்து போட்டவருக்கும் இந்த வாதம் கைகுடுக்காது, 2005லயே அதை சொல்லிட்டாங்க.