தோட்டத்து மைதானத்தில் பேஸ்போல்: சொந்தப் பிள்ளைகளின் அணிக்கு நீங்களே பயிற்சி கொடுக்க

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் முதலில் பிடிப்பது கிரிக்கெட் மட்டைதான். பேஸ்போல் பழக்க ஆள் தேடினால் கிடைப்பது கஷ்டம். அதனால் ஆசைப்படுகிற பிள்ளையின் அம்மாவோ அப்பாவோதான் மைதானத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. நானும் அப்படி இறங்கியவள்தான். மூத்தவள் பெரிய பிள்ளைகளின் அணியில், சின்னவன் சின்னப் பிள்ளைகளின் அணியில். புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் துணைக்கு ஓர் ஆள்

பந்து வாங்குவதற்கு முன்பே இன்னொரு பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்பது, எப்போது பந்து வீசுவது, எப்போது வெளியே உட்காருவது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கட்டும். நாம் தீர்மானித்தால் ஒன்று செல்லம் கொடுப்போம், இல்லையென்றால் லயத்தில் நாலு பேர் பேசுவார்களே என்று நம் பிள்ளையை மட்டும் கூடுதலாக அதட்டுவோம். நான் பார்த்தவரை அதட்டுவதுதான் அதிகம், பிள்ளை மனம் விட்டுப்போவதும் அதனால்தான். மைதானத்தில் "அம்மா" என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், அதைத் தடுக்க வேண்டாம். சோடி சேர்த்துப் பழக்கும்போது மட்டும் உங்கள் பிள்ளைக்கு வேறு பிள்ளையைச் சோடியாக்குங்கள்.

2. சரிவான இடத்தில் சதுரம்

பேஸ் என்பது ஓடுபவர் தொட வேண்டிய மூலை; சதுரத்தில் நாலு மூலை, அடிப்பவர் நிற்கும் மூலைதான் ஹோம். பெரியவர்கள் ஆடும்போது பேஸுக்கு பேஸ் 90 அடி. 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 60 அடி போதும். ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குக் குறுக்கே கயிறு பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய 85 அடி வந்தால் சதுரம் சரி. பந்து வீசும் இடம் அதே கயிற்றில், ஹோமிலிருந்து 46 அடியில்.

நம் பக்கத்து மைதானங்கள் சரிவானவை. ஹோமைத் தாழ்ந்த மூலையில் வையுங்கள். அப்போது அடித்த பந்து பள்ளத்துத் தேயிலை மலைக்குள் போகாமல் திரும்பி உருண்டு வரும். ஹோமுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கெட்ச்சர் தவறவிடும் பந்துக்காக, உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து அவருக்குப் பின்னால் இரண்டு கம்புகளில் கட்டிவிடுங்கள். தேயிலைக்குள் பந்து தேடப் போகும் பிள்ளை அட்டைக் கடியோடுதான் வரும், சவர்க்காரம் கொஞ்சம் பையில் இருக்கட்டும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி வரும். அந்த மாதங்களில் காலையில் பழகுவது நல்லது. இடி கேட்டதும் எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மரத்தடியில் ஒதுங்க விடாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும்.

3. எறியவும் பிடிக்கவும்

முதல் சில வாரங்களுக்கு இது மட்டும் போதும். மட்டையைக் கேட்டு நச்சரிப்பார்கள், கொடுக்காதீர்கள். எறியத் தெரியாத அணியில் ஒரு சாதாரண அடிகூட நாலு பேஸ் ஓட்டமாகிவிடும், நிற்கிற பிள்ளைகளுக்கு அழுகை வந்துவிடும்.

உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கச் சொல்லுங்கள். முன்கால் சோடி நிற்கும் திசைக்கு எட்டு வைக்கட்டும். முழங்கை தோள் உயரத்துக்கு வரட்டும். பந்து கையை விட்டுப் போன பிறகும் கை நிற்காமல் எதிர்த் தொடைவரை இறங்கட்டும். பந்தை இரண்டு விரலால் பிடிப்பதுதான் முறை, சின்னக் கைகளுக்கு மூன்று விரல் ஆகட்டும். ஐந்தாறு காலடித் தூரத்தில் தொடங்கி, பத்து எறிதலில் குறைந்தது எட்டு நெஞ்சுக்கு நேராக வந்தால்தான் ஒரு காலடி பின்னால் போகலாம்.

பிடிக்கும்போது, நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் மேலே, இடுப்புக்குக் கீழ் வருவதற்கு விரல்கள் கீழே. கிளவுஸ் எறியாத கையில். எல்லோருக்கும் கிளவுஸ் வாங்க வசதி வராது, பரவாயில்லை. டெனிஸ் பந்தில் வெறுங்கையாலேயே இவ்வளவையும் பழக்கலாம். உண்மையான பேஸ்போல் பந்து 140 கிராமுக்கு மேல், கெட்டியானது. கிளவுஸ் இல்லாத பிள்ளைக்கு அதை எறியவே கூடாது.

4. தெரிந்த ஆட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டுங்கள்

கிரிக்கெட் ஆடிய பிள்ளை அடித்துவிட்டு, ஓடலாமா என்று யோசித்து நிற்கும். இங்கே பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும், மட்டையைக் கீழே போட்டுவிட்டு. வீசி எறியக் கூடாது, பின்னால் கெட்ச்சர் இருக்கிறார். முதல் பேஸை மட்டும் தாண்டி ஓடிப்போகலாம்; இரண்டிலும் மூன்றிலும் காலை எடுத்தால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள்.

நம் நாட்டு மட்டைப்பந்து ஆட்டமான எல்லே ஆடிய பிள்ளைக்கு ஓட்டம் சீக்கிரம் பிடிபடும். ஆனால் எல்லேயில் ஓடுபவரைப் பந்தால் எறிந்து அவுட்டாக்கலாம், இங்கே அது கிடையாது. பந்து கையில் இருக்க, ஓடுபவரைத் தொட வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், கெட்டிப் பந்து முதுகில் பட்டால் பெரிய காயமாகிவிடும்.

5. அடிக்க

சின்ன அணிக்குப் பந்து வீசாதீர்கள். ஒரு வாளியில் கல் நிரப்பி, நடுவில் இடுப்பு உயரத்துக்கு பீவிசி குழாயை நட்டு, அதன் மேல் பந்தை வையுங்கள். நிற்கிற பந்தை அடித்துப் பழகினால் போதும். ஒருவர் மட்டையைச் சுழற்றும்போது மற்றவர்கள் குறைந்தது பத்து காலடி தள்ளி நிற்க வேண்டும்.

6. வீச்சுகளை எண்ணுங்கள்

வளரும் தோளும் முழங்கையும் அதிக வீச்சைத் தாங்காது. அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய, பிள்ளைகளுக்கான பேஸ்போல் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி ஒரு நாளைக்கு 7–8 வயதுக்கு 50 வீச்சு, 9–10க்கு 75, 11–12க்கு 85. அதற்கு மேல் இல்லை. 66 வீச்சோ அதற்கு மேலோ வீசினால் 4 நாள் ஓய்வு. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் இதில் பாதியோடு நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கொப்பியில் கோடு போடுங்கள். நம் பிள்ளை நன்றாக வீசும் நாளில், இன்னும் ஒரு ஓவர் என்று கேட்பதுபோல, இன்னும் நாலு வீச்சு என்று நமக்கே வாய் வரும். அதனால் கொப்பி அந்தத் துணை ஆளின் கையில் இருக்கட்டும். அவர் போதும் என்றால் பந்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.