ஓடைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்: குடிக்கும் முன் நடக்கும் தவறுகள்

மலைக்குப் போகிறவர்கள் பாறையிடுக்கில் ஓடிவரும் தண்ணீரைக் கண்டதும் அப்படியே கையால் அள்ளிக் குடித்துவிடுகிறார்கள். பளிங்குபோல இருக்கிறதே என்ற நம்பிக்கைதான். சற்று மேலே மாடு மேய்ந்திருக்கலாம், யாராவது மலம் கழித்திருக்கலாம். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகள் தண்ணீரைக் கலக்குவதில்லை. தெளிவாக இருந்தால் மண் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான்.

தேத்தாங்கொட்டை உரைத்தோ படிகாரம் சுற்றியோ தெளியவைத்த தண்ணீருக்கும் இது பொருந்தும். மண்ணோடு கிருமிகளில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும், மிச்சம் மேலேயே இருக்கும். அதற்காக இந்த வேலையை விட்டுவிடக் கூடாது. கலங்கிய தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் தெளியவைத்து இறுத்து, பிறகுதான் மாத்திரை. போட்டதும் குடிக்காமல் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

துணியில் வடிகட்டுவதும் வீண் இல்லை. வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை குறைந்தது நான்கு மடிப்பாக மடித்து வடிகட்டியதில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் பொடிப் பூச்சி போன்ற உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றோடு சேர்ந்து துணியில் சிக்கிக்கொள்கிறது. ஒட்டாமல் திரியும் மற்ற கிருமிகள் இழைக்குள் நுழைந்து போய்விடும். ஆகவே வடிகட்டிய பிறகும் கொதிக்கவைக்க வேண்டும்.

அந்தக் கொதிக்கவைப்பதில்தான் வீட்டுக்கு வீடு தவறு நடக்கிறது. ஆவி பறந்ததும் இறக்கிவிடுகிறார்கள். தளதளவென்று கொதிவந்த பிறகு ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம் வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, குழந்தைக்கு வாய் பொறுக்காதே என்று அரை டம்ளர் பச்சைத் தண்ணீரை அதில் கலந்து ஆற்றிக் கொடுக்கிறோம்! கொதிக்கவைத்தது அத்தனையும் அந்த அரை டம்ளரில் போய்விடும். மூடிவைத்துத் தானாக ஆறவிடுங்கள். கை முழுக டம்ளரை விட்டு மொள்ளாதீர்கள். குழாய் வைத்த பானையோ நீளக் கைப்பிடி கரண்டியோ போதும்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடி கைப்பிடியாக வீசுவது இன்னொரு தவறு. கணக்கு எளிது: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 3 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 28,000 லிட்டர், அதற்கு 70 கிராம். அதை வாளியில் முதலில் கூழாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிறு கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக இழுத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது யாரும் இறைக்கக் கூடாது. இரவில் செய்தால் சௌகரியம். மாதக்கணக்கில் வாய் பிரிந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, வாங்கியதும் இறுக மூடிவையுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. சேற்றை இறைத்துவிட்டு, எவ்வளவு போடுவது என்று சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள்.

கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பதும் ஆபத்து. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உகந்ததல்ல. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, மிச்சத்தில் ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை தெரியும் ஊரில் அடுப்பை நம்பாமல், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.