எம்ஜிபி காரில் ஓவர்டிரைவ் விழவில்லையா? இன்ஜினைத் தூக்குமுன் பார்க்க வேண்டியவை

1967 இறுதியில் தொடங்கி 1980 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் இருப்பது லேகாக் நிறுவனத்தின் எல்எச் வகை ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும், கியர்பாக்ஸின் பின்னால் உள்ள கூடுதல் கியர் யூனிட். அது வேலை செய்யவில்லை என்றால் பலருக்கும் முதலில் கியர்பாக்ஸ் மேல்தான் சந்தேகம் வரும். இந்தக் காரில் கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் ஒயரிங்கிலோ ஆயிலிலோ இருக்கும். அதற்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை.

ஓவர்டிரைவ் விழுந்தபின் விடுபடாமல் நின்றுவிட்டால் ரிவர்ஸ் போடவே கூடாது, கையால் பின்னே தள்ளவும் கூடாது. முன்னே ஓடும்போது வழுக்கிக்கொடுக்கும் ஒருவழி ரோலர் கிளட்ச் பின்பக்கம் சுழன்றால் இறுகிக்கொள்ளும். ஓவர்டிரைவைப் பிடிக்க வைக்கும் கூம்பு வடிவ கோன் கிளட்சும் பிடித்திருப்பதால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும்.

முதலில் ஆயில். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான்: 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில், மொத்தம் சுமார் 3.4 லிட்டர். உராய்வைக் குறைக்கும் அடிட்டிவ் எதையும் ஊற்ற வேண்டாம், கோன் கிளட்ச் வழுக்கும். லெவல் குறைந்தால், ஓவர்டிரைவை இயக்கும் ஆயில் அழுத்தத்தைத் தரும் பம்ப் காற்றை இழுக்கும். வளைவுகளில் மட்டும் ஓவர்டிரைவ் விட்டுப்போனால் இதைச் சந்தேகியுங்கள்.

அடுத்து கரன்ட். இன்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, நான்காவது கியர் போட்டு, ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனலுக்குள் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் சோலனாய்டுக்கு (கரன்ட் வந்ததும் ஆயில் வால்வை இயக்கும் மின்காந்தம்) போகும், மஞ்சளில் ஊதாக் கோடு போட்ட ஒயருக்கு பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேராக 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால் சோலனாய்டோ அதன் எர்த்தோ போயிருக்கிறது. சத்தம் வந்தால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது.

அங்கே முதல் குற்றவாளி கியர்பாக்ஸ் மேலுள்ள தடைச் சுவிட்ச். மூன்று, நான்காம் கியர்களில் மட்டும் (1977 மாடலில் இருந்து நான்கில் மட்டும்) இது இணைப்புக் கொடுக்கும். கியர் லீவரைத் தொட்டாலே ஓவர்டிரைவ் விட்டு விட்டுப் பிடிக்கிறதா? சுவிட்சின் அடியிலுள்ள ஃபைபர் வாஷர்களில் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் நியூட்ரலிலும் மற்ற கியர்களிலும் கரன்ட் போகும், சோதிக்காமல் ஓட்டாதீர்கள்.

சூடானபின் மட்டும் வரும் கோளாறுதான் தலைவலி. கேரேஜில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சோலனாய்டு ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, டாஷ்போர்டில் சின்ன 12 வோல்ட் பல்பு வைத்து ஓட்டுங்கள். ஓவர்டிரைவ் விடும்போது பல்பும் அணைந்தால் சுவிட்சோ ஒயரோ. பல்பு எரிந்துகொண்டே இருந்தால் சோலனாய்டு காயில் சூட்டில் அறுந்து சேர்கிறது, அல்லது ஆயில் அழுத்தம் கசிகிறது. விழுந்ததா என்று காதை நம்ப வேண்டாம், டேக்கோமீட்டரைப் பாருங்கள்: விகிதம் 0.82, ஆகவே அதே வேகத்தில் 3000 ஆர்பிஎம் ஏறத்தாழ 2450-க்கு இறங்க வேண்டும்.

அழுத்தம்தான் என்று தெரிந்தால் ஓவர்டிரைவின் அடி மூடியைக் கழற்றி, வலை ஃபில்டரையும் காந்தங்களையும் கழுவுங்கள். ஆயில் வடியும், தட்டு வையுங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. உலோகத் துண்டுகள் கிடைத்தால் விஷயம் வேறு. சோலனாய்டு வால்வின் ஓ-ரிங், ரிலீஃப் வால்வு, பம்ப் நான்-ரிட்டர்ன் வால்வு மூன்றையும் யூனிட் காரில் இருக்கும்போதே கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஓவர்டிரைவ் பிடித்த நிலையில் அழுத்தம் 400 பிஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டும். பம்பை ஓட்டுவது மெயின் ஷாஃப்ட் என்பதால் நின்ற காரில் அளக்க முடியாது.

ரிவர்ஸில் வழுக்குவது, ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜின் பிரேக் கிடைக்காமல் கார் சும்மா உருள்வது: இவை கோன் கிளட்ச் லைனிங் தேய்ந்ததற்கோ ஸ்பிரிங் உடைந்ததற்கோ அடையாளம். அப்போது தூக்கித்தான் ஆக வேண்டும். கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.