தொண்டிக் கடல்வரை சைக்கிளில்: முதல் முறை வருகிறவர்களுக்கு

கோட்டையூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. போன தை மாதம் நாங்கள் ஒன்பது பேர் காரைக்குடியில் கிளம்பி, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய், கடலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே சைக்கிளில் திரும்பினோம். போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கு மூன்று மாதம் முன்புவரை எனக்குச் சைக்கிள் என்றால் கடைக்குப் போக, காரைக்குடியில் நூல் வாங்கிவர, அவ்வளவுதான்.

போனது டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வண்டிச் செலவுக்காக. என் அண்ணி அதற்குப் போய்வருகிறார். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்து எழுந்து, பஸ்ஸில் நின்றுகொண்டு வர உடம்பில் தெம்பு இருக்காது. ஆட்டோதான் பிடிக்க வேண்டும். அந்தக் காசு இல்லாமல் ஒரு தடவையைத் தள்ளிப்போடுகிறவர்களை அண்ணி பார்த்திருக்கிறார். இந்தத் தையிலும் போகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

பத்து வாரம் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பத்து வாரமும் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம், ஞாயிறு காலை ஒரு நீண்ட ஓட்டம். நான் முதல் ஞாயிறு கானாடுகாத்தான் போய்த் திரும்பினேன். அப்புறம் பிள்ளையார்பட்டி. ஐந்தாவது வாரம் திருமயம் கோட்டை தெரியும் இடம்வரை போய்த் திரும்பினேன். தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்து ஓட்டுங்கள், கால் அந்த ஓய்வில்தான் தேறும். பயணத்துக்கு முன் ஒரு தடவை எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் நூறை ஓட்டிவிடலாம். கடைசி வாரம் பாதிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ஞாயிறு போய்விட்டதென்றால் மறுவாரம் இரட்டிப்பாக ஓட்டிச் சரிக்கட்ட வேண்டாம், விட்டுவிடுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் ஞாயிறுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

புது சைக்கிள் வாங்க அவசரப்படாதீர்கள். என் மகன் கல்லூரிக்குப் போனபின் வராந்தாவில் நின்ற கியர் சைக்கிளைத்தான் நான் ஓட்டினேன். பிரேக் கட்டை, செயின், இரண்டு டயர், இவற்றைப் புதிதாகப் போட்டேன். அதைவிட முக்கியம் சீட் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நம் பெண்கள் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். பத்து கிலோமீட்டருக்கு அது தெரியாது, முப்பதில் முழங்கால் வலி வந்துவிடும். உயர்த்தும்போது சீட் குழாயில் பொறித்த எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. கியரை லேசாக வைத்துக் காலை வேகமாகச் சுற்றுங்கள். கனத்த கியரில் மிதிப்பது பலமாகத் தெரியும், ஆனால் தேவகோட்டையைத் தாண்டுவதற்குள் தொடை தீர்ந்துவிடும்.

உடுப்பு என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துப்பட்டா வேண்டாம். அது பின்சக்கரத்தில் மாட்டினால் கழுத்தை இழுக்கும். அழகுக்காகக்கூட எடுத்து வராதீர்கள். தொளதொள பேன்ட்டின் வலது கால் செயினில் மாட்டும், அதை ரப்பர் பட்டையால் கட்டுங்கள் அல்லது லெக்கிங்ஸ் போடுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று கட்டாயம் வாங்க வேண்டும். கடையில் அதை உள்பக்கமாகப் புரட்டி, தொடையின் உள்பக்கத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஓவர்லாக் போட்டு நிற்கும் தையல் வரப்பு மாதிரி விரலில் இடறும். நூறு கிலோமீட்டரில் அந்த வரப்பு ஆயிரக்கணக்கான தடவை தோலை அறுக்கும். துணியோடு துணியாகத் தட்டையாகப் படுத்திருக்கும் தையலாகப் பார்த்து எடுங்கள். அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது. கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் அந்த உள்ளாடைத் தையல்தான் புண்ணாக்குவது. தொடை மடிப்பில் வாஸ்லின் தடவுங்கள். மேலே நீளமான குர்தா போட்டுக்கொண்டால் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் எல்லாருடைய குர்தா முதுகிலும் மினுக்கும் பட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். இருட்டில் லாரிக்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அடுத்தது முள். நம் பக்கம் ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டிப் போட்ட கிளை ஒன்று ரோட்டில் கிடந்தால் போதும். ஆறாவது ஞாயிறு பள்ளத்தூர் தாண்டியதும் எனக்குப் பஞ்சர். புது டியூப் மாற்றி, காற்றடித்து, ஒரு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்த பஞ்சர் கடை அண்ணன் டியூபைப் பார்க்கவே இல்லை. டயரைக் கழற்றி, உள்பக்கம் ஒரு பழந்துணியை வைத்து மெதுவாகச் சுற்றித் துடைத்தார். ஓரிடத்தில் துணி மாட்டி நின்றது. “அக்கா, டியூப மாத்தினா போதாது, முள்ள எடுக்கணும்” என்று குறடால் வெளியிலிருந்து இழுத்தார். அரிசி நுனி அளவு கறுப்பு முனை. கண்ணால் பார்த்தால் தெரியாது. வெறும் விரலால் தேடினால் விரலில் ஏறும், அதனால்தான் துணி.

இதை வீட்டில் மூன்று தடவையாவது செய்து பழகுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மாட்டுவது சுலபம். கையில் இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர் இரண்டு, சின்னக் காற்றுப் பம்பு, குறடு, துணி. இன்னொன்று: உங்கள் சைக்கிளில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் வழியில் உள்ள பஞ்சர் கடைக் காற்று அதில் ஏறாது. சுண்டுவிரல் நுனி அளவில் பித்தளை அடாப்டர் கிடைக்கும், வாங்கிப் பையில் போடுங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

சாப்பாட்டில் பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் போனதும் அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. வாழைப்பழம், கடலை மிட்டாய், பொடி தடவிய சின்ன இட்லி. மாவுருண்டை நல்ல தெம்புதான், ஆனால் ஓட்டிக்கொண்டே சாப்பிட்டால் மாவு தொண்டையில் அடைக்கும், நிற்கும் இடத்தில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். முதல் நாள் இரவு மிளகுக் கறியும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். மணிக்கு அரை லிட்டராவது குடிக்க வேண்டும், வெயில் ஏறினால் இன்னும் கூட. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பொட்டலத்தை அதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தாரைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். விடியுமுன் நடை, வெயிலில் ஓய்வு, தனியாக யாரையும் விடுவதில்லை. அதைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம். காலை 5 மணிக்குக் கிளம்பினோம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, எல்லார் தலையிலும் ஹெல்மெட். வரிசையில் மெதுவாக ஓட்டுகிறவர்தான் முன்னால், அவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். வெயில் ஏறுமுன் தொண்டி, உச்சிவெயிலில் நிழலில் படுக்கை, பிறகு புறப்பாடு. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், திரும்பும் வழியில் அது முதுகில் தள்ளிக்கொடுத்தது. திருவாடானை கோபுரத்தைத் தாண்டியபின் எனக்கு உள்ளங்கை மரத்துப்போனது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததுதான் காரணம், அடிக்கடி பிடியை மாற்றி உதறினால் வராது. தலைசுற்றல், குளிர்கிற மாதிரி உணர்வு, வேர்வை நிற்பது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி நிழலுக்குப் போக வேண்டும். பின்னால் வண்டி ஒன்று வருவது அதற்காகத்தான். அதில் ஏறினால் நன்கொடை குறையாது.

பணம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நான் மொய் நோட்டு மாதிரியே ஒன்று போட்டேன்: பெயர், ஊர், தொகை, கையெழுத்து. பத்து ரூபாயும் அதில் ஏறியது. ரவிக்கை தைக்க வரும் ஆச்சி ஒருவர் ஐந்நூறு ரூபாய் தந்து, தன் பெயருக்குப் பதில் தவறிப்போன கணவர் பெயரை எழுதச் சொன்னார், அவரும் டயாலிசிஸில் இருந்தவராம். முடிந்தவரை பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேரே இந்த உதவியைச் செய்யும் அறக்கட்டளையின் கணக்குக்குப் போகட்டும். வரிச்சலுகை கேட்கிறவர்களிடம், நன்கொடைக்கு அந்தச் சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) அறக்கட்டளைக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. டியூப், டீ, வண்டி டீசல் எல்லாம் எங்கள் கைக்காசு, நோட்டில் எழுதிய நன்கொடைப் பணத்தைத் தொடவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக நோட்டைக் கூட்டி, மொத்தத்தைப் படமெடுத்து, பணம் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். போன் இல்லாத ஆச்சிக்கு மட்டும் நோட்டையே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணவர் பெயர் இருக்கும் வரியை விரலால் தொட்டுப் படித்தார்.