புதுக் குட்டிப் பூனைக்கு வயிறு கெட்டால்

குட்டிப் பூனை வீட்டுக்கு வந்ததும் நாம் செய்யும் முதல் வேலை, ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி வைப்பதுதான். அதுவும் ஆசையாக நக்கிக் குடிக்கும். மறுநாள் வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் மறக்கும் வயதில் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுவதால், மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் போதும்.

அடுத்த தவறு, சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றுவது. இதற்கு முன் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, முதல் சில நாட்கள் அதையே கொடுங்கள். அப்புறம் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று கலந்து, 7 முதல் 10 நாட்களில் முழுதாக மாற்றலாம். மலம் இளகினால் ஒரு படி பின்னால் போங்கள், அவசரமே இல்லை. ஒரே வேளையில் நிறைய வைக்காமல், நாளுக்கு 4 வேளை கொஞ்சம் கொஞ்சமாக.

வயிறு கெட்டிருக்கிறதே என்று குட்டியைப் பட்டினி போடவே கூடாது. நம் மருந்துகளும் வேண்டாம். பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

பிடரித் தோலை மெல்ல இழுத்து விடுங்கள். சட்டென்று படியாமல் கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. அப்படி இருந்தாலோ, மலத்தில் ரத்தம், வாந்தி, சோர்வு தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாலும் ஒரு நாளுக்கு மேல் போக்கு நீடித்தால் காட்டிவிடுங்கள். போகும்போது மல மாதிரியைச் சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். முகம் சுளிக்கும் வேலைதான், ஆனால் குடற்புழுவா என்று அதில்தான் தெரியும்.